வெள்ளிக்கிழமைச் சோறு

லப்பைக்குடிக்காடு
18.8.1999, புதன்

அன்பு மகன் வாசிமுக்கு அம்மாவின் ஸலாம், அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் அத்தாவும் மர்ஜியாவும் இங்கே உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் ஷார்ஜாவில் வேளாவேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன் என்றுதான் எப்போதும் அடுத்த வரி வரும், ஆனால் நீ வேளைக்குச் சாப்பிடுவதில்லை என்பது இப்போது எனக்குத் தெரிந்துபோய்விட்டது, தெரிந்த பிறகு அந்த வரியை எழுத எனக்கு வாய் வரவில்லை. (அண்ணே, எழுதுவது வழக்கம்போல மர்ஜியாதான். எழுதுவது கை, வாய் வராவிட்டால் என்ன என்று கேட்டேன், தலையில் ஒரு குட்டு விழுந்தது. அம்மா பேசப் பேச நான் பத்தாம் வகுப்புத் தமிழாக மாற்றிக்கொண்டே வருகிறேன். அடைப்புக்குறிக்குள் இருப்பது மட்டும் என் சொந்தச் சரக்கு, அம்மாவுக்கு அதைப் படித்துக் காட்ட மாட்டேன்.)

உன் ரூமிலிருந்து லீவில் வந்திருக்கும் லூர்துராஜ் ஞாயிற்றுக்கிழமை பூசை முடித்து வரதராசன்பேட்டையிலிருந்து கிளம்பி அரியலூர் வந்து பஸ் மாறி நம் வீட்டைத் தேடிக் கண்டுபிடித்து வந்து நீ கொடுத்தனுப்பிய கடிதத்தைக் கையில் கொடுத்தது, நல்ல பிள்ளை, வெயிலில் வந்த முகம் செங்கல்லாய்ச் சிவந்திருந்தது. தண்ணீர் குடிக்கும் வரைக்கும்கூட எனக்குப் பொறுக்கவில்லை, மர்ஜியாவை உடனே படிக்கச் சொன்னேன், அவள் பாதியில் குரலைக் குறைத்தாள், அவள் குரலைக் குறைத்தால் விஷயம் பெரிது என்று உனக்கே தெரியும். நீ எழுதியிருந்தது இன்னும் என் காதிலேயே இருக்கிறது. 'ஒண்ணு நீங்க ஆஸ்பத்திரிக்கும் பஸ்ஸுக்கும் அலையறதை விட்டுட்டு வூட்டோட இருங்க, இல்லேன்னா நான் கேன்சல்ல வந்துடுறேன், ரெண்டுல எதுன்னு லூர்து அண்ணன்கிட்ட எழுதிக் கொடுத்து விடுங்க.' லூர்துராஜ் நாளைக்குக் காலையில் ஷார்ஜாவுக்குத் திரும்பும் வழியில் வந்து இந்தக் கடிதத்தை வாங்கிக்கொண்டு போகும், அதற்குள் நான் பதில் சொல்லியாக வேண்டும். கேன்சலில் வருவது என்றால் விசாவை முடித்துக்கொண்டு ஒரேயடியாகப் பெட்டியைக் கட்டிவிடுவது, நாளைக்கு வேண்டுமென்றாலும் திரும்பிப் போக முடியாது, அதுவும் ஸ்டோர்கீப்பர் வேலைக்கு உன் பேரை எழுதியிருக்கிற நேரத்தில். இத்தனையையும் நீ ஒரு தராசுத் தட்டில் வைத்து அடுத்த தட்டில் என்னை வைத்திருக்கிறாய். உன் மேல் எனக்குக் கோபம் இல்லை ராஜா. கோபப்படுகிற இடத்தில் நான் இல்லை. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன், போனில் சொல்ல முடியாமல் போனதையும் சேர்த்துச் சொல்கிறேன், கேட்டுவிட்டு முடிவு செய்.

நீ போன் செய்து நான் இல்லாமல் போன அந்த வெள்ளிக்கிழமை, ஜும்ஆ நேரம். பாங்கு சொல்லி ஆண்கள் எல்லாரும் பள்ளிவாசலுக்குப் போய்விட்டார்கள், தெருவில் கோழியும் பொம்பளைகளும்தான். நான் வழக்கம்போலச் சோறு வடித்து, கறி இறக்கி, எல்லாவற்றையும் மூடி வைத்துவிட்டு, லுஹர் தொழுதுவிட்டு எதிர்வீட்டுக்குப் போய் ஜரீனா மாமி வீட்டுப் போன் பக்கத்தில் உட்காரத்தான் கிளம்பினேன். வாசலில் கால் வைக்கும்போதே மாமியின் சத்தம், அவர்கள் மருமகள் ஃபஹ்மிதாவுக்குப் பனிக்குடம் உடைந்துவிட்டது, நாள் இன்னும் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். அவள் புருஷன் அன்சார் குவைத்தில் இருக்கிறான், மாமிக்கு மூட்டுவலியில் வாசல்படி இறங்குவதே பெரும்பாடு, ஆட்டோக்காரப் பையன்கள் அத்தனை பேரும் பள்ளியில் தொழுகையில் நிற்கிறார்கள், உள்ளே போய்க் கூப்பிட முடியுமா. நான் ஃபஹ்மிதாவைத் தோளோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு முக்கு வரைக்கும் நடத்திக் கூட்டிப்போனேன், மாமி வீட்டுச் சின்னப் பெண் துணிப்பையோடு பின்னால் ஓடி வந்தது, பெரம்பலூர் பஸ் திரும்பிக்கொண்டிருந்தது, கையை நீட்டினால் நிறுத்துவானோ மாட்டானோ என்று அவளை மரத்தடியில் விட்டுவிட்டு ரோட்டுக்கு நடுவில் போய் நின்றுவிட்டேன். நான்தான், வாசிம். திருமாந்துறையில் பெரிய ரோட்டைக் கடக்கவே அத்தாவின் சட்டையைப் பிடித்துக்கொள்கிற நான். டிரைவர் பிரேக்கைப் போட்டுவிட்டு எட்டிப் பார்த்து, "ஏம்மா, சாவுறதுக்கு என் வண்டிதான் கெடச்சுதா"ன்னு கத்தினார், எனக்கு எங்கிருந்து வந்ததோ, "சாவுறதுக்கு இல்லய்யா, பொறக்குறதுக்கு"ன்னு நானும் கத்தினேன். (இதை அம்மா தெருவில் எல்லாரிடமும் சொல்லிவிட்டார்கள். ஒவ்வொரு தடவையும் சத்தம் கொஞ்சம் கூடுகிறது.)

அந்த பஸ் கண்டக்டர் தங்கராசுவை உனக்குத் தெரியும், நீ பாலிடெக்னிக் படிக்கப் போகும்போது படிக்கட்டில் தொங்கினால் காதைத் திருகுவாரே அவர்தான். ஃபஹ்மிதாவைப் பார்த்ததும் முன்சீட்டில் இருந்தவர்களை எழுப்பிவிட்டு, விசிலை எடுத்து டிரைவரிடம், "அண்ணே, இனிமே ஆஸ்பத்திரி வாசல்தான் ஸ்டாப்பிங், நடுவுல ஒரு ஊரும் கெடையாது"ன்னு சொல்லிவிட்டார். வாலிகண்டபுரத்தில் இறங்க வேண்டிய ஒரு பெரியவர் ஆட்டுக்குட்டியை மடியில் வைத்துக்கொண்டு, "யோவ், என் ஊரு போவுதுய்யா, என் ஊரு போவுது"ன்னு எழுந்து நின்று அலற, "ஊரு எங்கயும் போவாது பெரியவரே, அங்கேயேதான் இருக்கும், வரும்போது எறக்கி வுடுறேன், ஆட்டைக் கெட்டியாப் புடிங்க"ன்னு இவர். அந்த நேரத்திலும் ஃபஹ்மிதாவுக்கு வலியோடு சிரிப்பு வந்துவிட்டது. என் கையை அவள் பிடித்த பிடியில் வளையல் நெளிந்துபோயிற்று.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் வந்து கூட வந்தது யார் என்று கேட்டாள். நான்தான் என்றேன். "மாமியாரா, அம்மாவா"ன்னு கேட்டாள், "எதுத்த வூடு"ன்னு சொன்னேன், அவளுக்குச் சிரிப்பு, "சரி எதுத்த வூடு, இங்கேயே நில்லுங்க, எங்கயும் போயிடாதீங்க, இந்தப் பொண்ணு உங்க கையத்தான் புடிச்சிருக்கு"ன்னு சொல்லிவிட்டு உள்ளே போனாள். எங்கேயும் போயிடாதீங்க. அந்தச் சொல்லை என்னிடம் இதுவரை யாரும் சொன்னதில்லை. போங்க, ஓரமா உக்காருங்க, பயப்படாதீங்க, தொந்தரவு பண்ணாதீங்க, இதெல்லாம்தான் கேட்டிருக்கிறேன். நான் நின்றேன். சாயங்காலம் அஸர் தொழுகைக்குக் கொஞ்சம் முன்னால் பெண் குழந்தை பிறந்தது, தாயும் பிள்ளையும் சுகம், அல்ஹம்துலில்லாஹ். குழந்தையைத் துண்டில் சுற்றி முதலில் என் கையில்தான் கொடுத்தார்கள். பக்கத்துக் கட்டிலில் மகளோடு இருந்த அரும்பாவூர்ப் பொம்பளை, ரத்தினம்மாள் என்று பேர், என்னைப் பார்த்துவிட்டு, "என்னக்கா, நீங்களே பெத்தாப்ல வேர்த்து நனைஞ்சு போயிருக்கீங்க, வாங்க ரெண்டு வாய் சாப்பிடுங்க"ன்னு தூக்குவாளியைத் திறந்து தயிர்சாதமும் மாங்காய் ஊறுகாயும் வைத்துக் கொடுத்தது.

நான் சாப்பிட்டேன் வாசிம். இதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் சுற்றி வந்தேன். ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டேன், விரலை வழித்துச் சாப்பிட்டேன், இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா என்று கேட்டதற்கு வையுங்கள் என்றேன். நீ சபுர் என்று வெளிநாட்டுக்குப் பிழைக்கப் போன நாளிலிருந்து எந்த வெள்ளிக்கிழமையும் உன் குரலைக் கேட்காமல் நான் சோற்றில் கை வைத்ததில்லை, ஊரே அறியும், உனக்கும் தெரியும், போனில் நீ முதலில் கேட்பதே, "அம்மா, இனிமேயாச்சும் சாப்பிடுங்க"தானே. அன்றைக்கு உன் போன் வரும் நேரம் தாண்டி நான் தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன், உன் ஞாபகமே இல்லை. மறந்தேன் என்று சொல்வதற்குக்கூட ஞாபகம் வந்திருக்க வேண்டும் அல்லவா, அதுவும் வரவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து காற்று வாங்கிக்கொண்டு, வாலிகண்டபுரத்தில் அந்தப் பெரியவர் வீடு எதுவாக இருக்கும் என்று வேடிக்கை பார்த்துக்கொண்டு வருகிறேன், ஒரு எஸ்டிடி கடையின் மஞ்சள் போர்டு கண்ணில் பட்டது. அப்போதுதான் உன் போன் ஞாபகம் வந்தது. உள்ளே போன சோறு கல்லாய்க் கனத்தது.

வீட்டுக்கு வந்தால் ஜரீனா மாமி சொல்கிறார்கள், நீ போன் செய்தாயாம், அவர்கள் ஆஸ்பத்திரியிலிருந்து தகவல் வரும் என்று பதறிக்கொண்டு இருந்ததில், "உங்கம்மா பெரம்பலூர் போயிருக்கா, இப்ப ஒண்ணும் கேக்காதே தம்பி, லைனை வையி"ன்னு வைத்துவிட்டார்களாம், அதன் பிறகு குவைத்துக்கும் சொந்தக்காரர்களுக்கும் பேசிப் பேசி லைனே ஓயவில்லையாம். நீ எத்தனை தடவை சுழற்றியிருப்பாய். அவர்களைக் குறை சொல்ல முடியாது. சனிக்கிழமை நீ மறுபடி பேசும்போது நான் செய்ததுதான் இதைவிட மோசம். முதலில் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். நான் பஸ்ஸை மறித்ததையும் ஆட்டுக்குட்டியையும் குழந்தையின் தலைமுடியையும் சொல்லிக்கொண்டே போனேன், வாய் நிறையச் சிரிப்பு, நீ கேட்டுக்கொண்டே இருந்தாய், கடைசியில், "நீங்க சாப்டீங்களாம்மா"ன்னு கேட்டாய். நானும் புத்திகெட்டுப் போய், "சாப்டேன்டா, தயிர்சாதம், நல்லா இருந்துச்சு"ன்னு சொன்னேன். அப்புறம் நீ, "நான் இன்னும் சாப்பிடலம்மா"ன்னு சொன்னாய். அதோடு கார்டு தீர்ந்து போன் அறுந்தது. அது நேற்றைய சாப்பாடா இன்றைய சாப்பாடா என்றுகூட என்னால் கேட்க முடியவில்லை. ரிசீவரை வைக்காமல் வெறும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றேன், மாமி வந்து வாங்கி வைத்தார்கள்.

மீதியை லூர்துராஜ் சொல்லித்தான் தெரிந்தது. டீ குடித்துக்கொண்டே சாதாரணமாகச் சொல்கிறது, "உங்களுக்குத் தெரியாதாம்மா, வெள்ளிக்கெழம போன் பேசி முடிக்கிற வரைக்கும் அவன் வாயில பச்சத் தண்ணி படாது, எங்கம்மா அங்க பட்டினியா இருக்குறப்ப நான் இங்க பிரியாணி திங்கணுமாண்ணேன்னு கேப்பான், கேம்ப்புல அன்னிக்கி ஒரு நாள்தான் நல்ல சோறு, அவன் போன் பூத்துல வரிசையில நிப்பான், திரும்பி வர்றதுக்குள்ள சட்டி காலி." நான் பட்டினி கிடந்தால் உனக்கு ஒன்றும் ஆகாது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படி யாரும் எனக்குச் சொல்லவில்லை, நானாகத்தான் வைத்துக்கொண்டேன், நோன்பும் இல்லை நேர்ச்சையும் இல்லை, வெறும் பயம். அந்தப் பயத்துக்கு நான் பாசம் என்று பேர் வைத்து உனக்கும் ஒரு பங்கு பார்சல் கட்டி அனுப்பியிருக்கிறேன், ஆறு வருஷமாக வெள்ளிக்கிழமை தவறாமல். இந்தக் கரையில் ஒரு சோற்றுப் பானை மூடிக் கிடக்கிறது, அந்தக் கரையில் ஒரு சட்டி காலியாகிறது, நடுவில் கடல், யாருக்கு என்ன புண்ணியம். இதை நினைத்து நினைத்து ஞாயிற்றுக்கிழமையிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை, பார்த்தாயா, திரும்பவும் அதையேதான் செய்கிறேன், மர்ஜியா தட்டைக் கொண்டுவந்து வைத்து, "அம்மா, நீங்க பட்டினி கெடந்ததுக்குப் பரிகாரமாவும் பட்டினியா"ன்னு கேட்டாள், அதற்கப்புறம்தான் சாப்பிட்டேன்.

நான் எப்படிப்பட்டவள் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. மழை வந்தால் இடி விழும், மழை வராவிட்டால் கிணறு வற்றும், கேஸ் வாங்கினால் வெடிக்கும், நீ ஏறிய விமானம் இறங்கிய பிறகும் அது விழுமோ என்று இரண்டு நாள். உங்கள் அத்தா சொல்வார், "உங்கம்மாவுக்குக் கவலைப்பட ஒண்ணும் கெடைக்கலேன்னா, ஏன் கெடைக்கலேன்னு கவலைப்படுவா". சிரிப்பாகத்தான் சொல்வார், ஆனால் அதுதான் என் பிழைப்பாக இருந்தது. காலையில் முதலில் பயம் எழுந்திருக்கும், அதன் பிறகு நான் எழுந்திருப்பேன், அது சொல்கிற வேலையை எல்லாம் செய்துவிட்டு அதோடு படுத்துக்கொள்வேன். இது மாறியது பெரிய திட்டம் போட்டு இல்லை. பங்குனி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை ஃபஹ்மிதாவைச் செக்கப்புக்குக் கூட்டிப்போக ஆளில்லை, மாமி முழங்காலைத் தடவிக்கொண்டு, "மைமூன், சும்மா கூட மட்டும் போயிட்டு வாயேன், நீ ஒண்ணும் செய்ய வேணாம், உக்காந்திருந்தா போதும்"ன்னு கேட்டார்கள், மறுக்க வாய் வராமல் போனேன், போகிற வழியெல்லாம் லாரிகளைப் பார்த்துக் கலிமா சொல்லிக்கொண்டே போனேன். அங்கே அந்தப் பெண்ணுக்கு ஊசி போடும்போது என் கையைத்தான் பிடித்துக்கொண்டாள். நான் நடுங்கினால் அவளும் நடுங்குவாள் என்று தெரிந்ததும் நடுக்கம் எங்கே போனது என்றே தெரியவில்லை. அடுத்த வாரம் பின்தெருவிலிருந்து ஒரு பெண், "மாமி, எனக்கும் கூட வர்றீங்களா"ன்னு கேட்டது. ஆம்பளை வெளிநாட்டில் இருக்கும் சபுராளி வீடுகளில் எல்லாம் இருக்கிறது, ஃபிரிட்ஜ் இருக்கிறது, டிவி இருக்கிறது, கூட வர ஓர் ஆள் மட்டும் இல்லை. இப்போது செவ்வாய்க்கிழமை நாலைந்து பிள்ளைத்தாச்சிகளோடு நான் பஸ் ஏறினால் தங்கராசு, "பிள்ளைத்தாச்சி ஸ்பெஷல் வந்தாச்சு, மேடு பள்ளம் பாத்து ஓட்டுங்கண்ணே"ன்னு குரல் கொடுக்கிறார். (டிரைவர் பள்ளத்தைப் பார்த்துத்தான் ஓட்டுகிறார், ஒன்றையும் விடுவதில்லை என்கிறார்கள் அம்மா.)

தொழுகைக்கு நிற்கும்போது நிய்யத்து வைக்கிறோம், எதற்காக நிற்கிறோம் என்று மனசில் சொல்லிக்கொண்டுதான் கையைக் கட்டுகிறோம். காலையில் எழுந்திருக்கும்போது எனக்கு ஒரு நிய்யத்தும் இருந்ததில்லை. இப்போது செவ்வாய்க்கிழமை எழுந்தால் இன்றைக்கு யார் யார், யாருக்கு மாத்திரை சேராது, யார் வாந்தி எடுப்பாள், எலுமிச்சம்பழம் எடுத்துக்கொண்டேனா என்றுதான் மனசு ஓடுகிறது. பயம் போய்விட்டது என்று சொல்லவில்லை, அது கூடவேதான் வருகிறது, பஸ்ஸில் பின்சீட்டில் உட்கார்ந்து வருகிறது, ஸ்டியரிங்கை மட்டும் கொடுப்பதில்லை. இதில் எனக்குச் சந்தோஷம் இருக்கிறது, அதுதான் குத்துகிறது. பெற்ற மகனை நினைத்து வயிற்றைக் கட்டிக்கொண்டு உட்காராமல் ஊரான் வீட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு சிரிக்கிறாயே, நீயெல்லாம் ஒரு தாயா என்று யாரும் கேட்கவில்லை, நானே கேட்டுக்கொள்கிறேன், ஸஜ்தாவில் நெற்றி வைக்கும்போது கேட்டுக்கொள்கிறேன். எழுந்தால் வாசலில் யாராவது நிற்கிறார்கள்.

நீ எழுதிய இன்னொன்று, ஊரில் நாலு பேர் நாலு விதமாகப் பேசுகிறார்கள் என்று. பேசுகிறார்கள்தான், மறைக்கவில்லை. வாசிம் அம்மா புர்காவைப் போட்டுக்கொண்டு பஸ்ஸில் சுற்றுகிறாள், இந்த வயசில் என்ன ஆட்டம் என்று. அவர்களில் ஒருவர் மகளுக்கு அடுத்த மாதம் நாள், போன வாரம் வந்து, அன்றைக்கு நான்தான் கூட வர வேண்டும் என்று சத்தமில்லாமல் சொல்லிவிட்டுப் போனார். யார் என்று நான் சொல்ல மாட்டேன். (நான் சொல்வேன், ஆனால் நேரில்.) அத்தாவும் முதலில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் இருந்தார், கடையை விட்டு வந்தால் சோறு தயாராக இல்லை என்று. இப்போது நான் போகிற நாளில் அவரே உலை வைக்கிறார், தண்ணீர் அளவு தெரியாமல் குழைத்துவிடுகிறார், "நோன்புக்கு இன்னும் எவ்வளவோ நாள் இருக்கே, இப்பவே நோன்புக் கஞ்சியா அத்தா"ன்னு மர்ஜியா கேட்டதற்கு, "ஒத்திகை"ன்னு சொன்னார். உன் கடிதத்தைப் படித்த அன்று ராத்திரி அவர் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார், "மைமூன், அவன் எழுத்து அப்படியே உன் பேச்சு". எனக்கு அதைவிட ஓர் அடி வேண்டாம். சோறு வேண்டாம், இப்படிச் செய்தால்தான் சாப்பிடுவேன், இல்லையென்றால் அப்படிச் செய்துவிடுவேன், இந்தப் பேச்செல்லாம் என்னுடையது ராஜா. என்னிடமிருந்து கற்றுக்கொண்டு எனக்கே திருப்பி அனுப்பியிருக்கிறாய். வாங்கிக்கொண்டேன். அது எவ்வளவு கனம் என்று இப்போதுதான் தெரிகிறது, இதைத்தானே உன் தலையில் இத்தனை வருஷம் வைத்திருந்தேன்.

அதனால் என் பதில் இதுதான். நான் போவதை நிறுத்த மாட்டேன். இதை உன்னிடம் சொல்ல எனக்குக் கூசுகிறது, பெற்றவள் பிள்ளை சொல்லைக் கேட்டு வீட்டோடு இருந்தால் உனக்கு நிம்மதி என்று தெரியும், ஆனால் நான் வீட்டோடு இருந்தபோதும் உனக்கு நிம்மதி கொடுக்கவில்லையே, பட்டினிதானே கொடுத்தேன். கேன்சலில் வருவது உன் இஷ்டம். வராதே என்று சொல்ல மாட்டேன், வா என்றும் சொல்ல மாட்டேன், ரெண்டையும் இதுவரை அழுது அழுதுதான் சொல்லியிருக்கிறேன். உனக்கு இங்கே வந்து செய்ய ஒரு வேலை மனசில் இருந்து வந்தால் வாசலில் நின்று உன்னை அழைத்துக்கொள்வேன், நான் செத்துவிடுவேனோ, பஸ்ஸில் விழுந்துவிடுவேனோ, நாலு பேர் பேசுவார்களோ என்று பயந்து வருவதாக இருந்தால் வராதே, அந்தப் பயம் உன்னுடையது இல்லை, என்னுடையது, இங்கேயே நான் வைத்துக்கொள்கிறேன்.

லூர்துராஜ் இன்னொன்றும் சொன்னது. நீ அதற்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தாயாமே, ஊரிலிருந்து அதன் பொண்டாட்டி ஜெனிதா எழுதும் கடிதத்தை முன்னெல்லாம் நீதான் படித்துக் காட்டுவாயாம், புருஷன் பொண்டாட்டி விஷயத்தை இன்னொரு ஆள் படிக்க வேண்டியிருக்கிறதே என்று அது கூச்சப்பட்டதைப் பார்த்து நீயாகத்தான் ஆரம்பித்தாயாம். இப்போது ஓவர்டைம், ஓவர்டைம் என்று விட்டுவிட்டாயாம். "பாதி எழுத்து தெரியும்மா, பாதி தெரியாது, அதனால அவ போடுற சண்டைல பாதிதான் எனக்குப் புரியுது, மீதியும் படிச்சுட்டா என் கதி என்னாவும்னு தெரியல"ன்னு சிரித்தது, ஆனால் கிளம்பும்போது வாசலில் நின்று, "அவன்கிட்ட சொல்லுங்கம்மா, மீதியையும் படிச்சே தீரணும்"ன்னு சொன்னது. நீ பாடம் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்த காலத்தில் எழுதிய கடிதங்களை மர்ஜியாவை விட்டு மறுபடி படிக்கச் சொல்லிக் கேட்டேன். அதில் ஒன்றில்கூட உடம்பு வலி, தூக்கம் வரவில்லை, என்ன ஆகுமோ என்று இல்லை. நீ கவனித்தாயோ இல்லையோ எனக்குத் தெரியாது. ஓவர்டைம் எதற்காகப் பார்க்கிறாய், ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வது என்றுதானே. அதைப் பற்றி நான் உனக்குப் புத்தி சொல்ல லாயக்கில்லாதவள், ஆனாலும் சொல்கிறேன், வாரத்தில் ஒரு நாளாவது அந்தப் பிள்ளைக்கு மீதி எழுத்தைச் சொல்லிக் கொடு.

மற்றபடி ஊரில் வெள்ளாற்றில் தண்ணீர் இல்லை, மேற்கே மழை பெய்தால்தான் உண்டு. ஃபஹ்மிதா குழந்தைக்கு அன்சார் போனிலேயே பேர் சொல்லிவிட்டான், மாமிக்குப் பிடிக்கவில்லை, இன்னும் பேச்சுவார்த்தை நடக்கிறது. மர்ஜியா கணக்கில் நல்ல மார்க் வாங்கியிருக்கிறாள், வாய்க்கு மார்க் போட்டால் மாநிலத்தில் முதல். (நன்றி.) நெய் உருண்டையும் ஊறுகாயும் லூர்துராஜிடம் கொடுத்து விடுகிறேன், அதற்கும் பங்கு கொடு, எண்ணிக் கொடுக்காதே. குளிர்ந்த தண்ணீரை வெயிலில் வந்ததும் குடிக்காதே. இது கவலை இல்லை, வெறும் புத்திமதி, இரண்டுக்கும் வித்தியாசம் நான் இப்போதுதான் படித்துக்கொண்டிருக்கிறேன்.

உன் ஆயுளும் ஆரோக்கியமும் பரக்கத்தும் பெருக ஐந்து வேளையும் துஆ செய்கிறேன், பெரம்பலூர் பஸ்ஸிலும் செய்கிறேன். ஒன்றை மட்டும் மறக்காதே. இனி வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் முதலில் சோறு. வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் பிறகு போய் வரிசையில் நில். நான் வீட்டில் இருந்தால் போனை எடுப்பேன், இல்லாவிட்டால் மர்ஜியா எடுப்பாள். அம்மா சாப்பிட்டாங்களா என்று கேள். சாப்பிட்டாங்க என்று அவள் சொன்னால் நம்பு. இங்கே நானும் அதே நேரத்தில் தட்டைப் போட்டு உட்காருவேன், நீ சாப்பிடுகிறாய் என்று நம்பிக்கொண்டு. எனக்குப் பயம் வரத்தான் செய்யும். இருந்தாலும் சாப்பிடுவேன். வஸ்ஸலாம்.

உன்னைப் பசியோடு நிற்க வைத்த
உன் அம்மா
மைமூன்

(அண்ணே, அம்மா ஒட்டச் சொல்லிவிட்டு எலுமிச்சம்பழம் வாங்கப் போய்விட்டார்கள். நீ பொய் சொல்வாய் என்று எனக்குத் தெரியும், சாப்பிடாமலே சாப்பிட்டேன் என்பாய். அதனால் வெள்ளிக்கிழமை போனை நான்தான் முதலில் எடுப்பேன். ஏப்பச் சத்தம் கேட்டால்தான் அம்மாவைக் கூப்பிடுவேன்.)